கோல்ட் கவரும் லாச்சிக்குள் கிடந்த உறையும்

"எனக்கு என்னடா பயம், கோல்ட் கவர் இருக்கு."

அண்ணர் இப்பிடித்தான் சொல்லுவார். பெரியம்மாவின் மூத்த மகன். மெல்பேர்ணில் நிரந்தர விசா கிடைத்த வருடமே ஆஸ்பத்திரிக் காப்புறுதி எடுத்தவர். பகலில் டெலிவரி வான், இரவில் கிடங்கு வேலை என்று ஓடித்திரிந்த பதினொரு வருடத்தில் பிரீமியம் ஒரு மாதமும் தவறியதில்லை. வீட்டுக் கடனுக்குப் பிந்தினாலும் இதுக்குப் பிந்தமாட்டார்.

ஐம்பது வயது முடிந்த கையோடு அரசாங்கத்திடமிருந்து தபாலில் ஒரு உறை வந்தது. குடல் புற்றுநோய்ப் பரிசோதனைக்கான கிட். வீட்டிலேயே மலத்தில் சின்ன மாதிரி எடுத்துத் திரும்பத் தபாலில் போடவேண்டும். முத்திரைகூட ஒட்டத் தேவையில்லை. அண்ணி அதைத் திறந்து வாசித்துவிட்டு, "அனுப்பும்வரைக்கும் பிரிட்ஜுக்குள்ள வைக்கட்டாம்" என்றா. வீடு முழுக்கச் சிரிப்பு. உறை லாச்சிக்குள் போனது. இரண்டு வருடம் கழித்து இன்னொன்று வந்தது. அதுவும் லாச்சிக்குள். மூன்றாவதும் வந்து அங்கேயே கிடந்தது.

ஐம்பத்தேழு வயதில் இரத்தம் போகத் தொடங்கி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கட்டி குடற்சுவரைத் தாண்டி நிணநீர்க் கணுக்களுக்குப் போயிருந்தது. மூன்றாம் நிலை.

சத்திரசிகிச்சை முடிந்து கொஞ்சம் தேறின பிறகு நான் கேட்டேன்: "ஏன் அண்ணை அந்த கிட்டைச் செய்யேல்லை?" அவர் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

"அது ஏதோ அரசாங்கம் சும்மா குடுக்கிற சாமான் எண்டு விட்டிட்டன். இவ்வளவு காசு கட்டுறம், செக்கப் ஏதும் தேவையெண்டா இன்சூரன்ஸ்காரர் கூப்பிடுவினம்தானே?"

பதினொரு வருடத்தில் ஒருத்தரும் கூப்பிடவில்லை. கூப்பிடப் போவதும் இல்லை. அது அவர்களின் வேலையே இல்லை.

தோழர்களே, அண்ணர் படிப்பறிவில்லாத மனிசன் இல்லை. அவர் நினைத்ததைத்தான் எங்கட சனத்தில் முக்கால்வாசிப் பேர் நினைக்கினம். கோயில் மண்டபத்திலும் பிறந்தநாள் வீட்டிலும் நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். "பிரைவேட் எடுத்திருக்கிறம், எல்லாம் கவர்" என்பதுதான் பதில். ஆகவே முதலில் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லிவிட்டு, பிறகு அதன் அரசியலுக்கு வருகிறேன்.

தனியார் காப்புறுதி செக்கப்புக்குக் காசு தருமா?

அவுஸ்திரேலியாவில், மெடிகெயர் அட்டை உள்ள ஒருவருக்கு, பெரும்பாலும் தராது. கொம்பனியின் கஞ்சத்தனம் மட்டும் இதுக்குக் காரணம் இல்லை. சட்டமே அப்படித்தான். ஆஸ்பத்திரிக்கு வெளியே நடக்கிற ஒரு சேவைக்கு மெடிகெயர் காசு கொடுக்கும் என்றால், அதே சேவையைத் தனியார் காப்புறுதி பொறுப்பெடுக்க முடியாது. ஜீபியைப் பார்ப்பது, அவர் எழுதித் தருகிற இரத்தப் பரிசோதனை, வெளியே போய் எடுக்கிற ஸ்கேன், விசேட வைத்தியரைக் கிளினிக்கில் சந்திப்பது, எல்லாம் இந்த வேலிக்குள் வருகின்றன. ஜீபி மெடிகெயர் கட்டணத்துக்கு மேல் கேட்கிற மிச்சக் காசையும் காப்புறுதி தராது. கோல்ட், சில்வர், பிரோன்ஸ், பேசிக் என்று எந்தப் பெயரில் எடுத்தாலும் இந்த விடயத்தில் ஒன்றுதான்.

ஆஸ்பத்திரிக் காப்புறுதி என்பது, நீங்கள் தனியார் நோயாளியாக ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்ட பிறகு வேலை செய்கிற சாமான். அதாவது, நோய் வந்து, அது தெரிந்து, கட்டிலில் படுத்த பிறகு. அந்த நேரத்திலும் வைத்தியரின் அட்டவணைக் கட்டணத்தில் 75 வீதத்தை மெடிகெயர்தான் கொடுக்கிறது. "எக்ஸ்ட்ராஸ்" என்று விற்கிற மற்றப் பொலிசி, பல்லு, கண்ணாடி, பிசியோதெரபி போன்றவற்றுக்கு. சில கொம்பனிகளின் எக்ஸ்ட்ராஸில் மெடிகெயர் காசு தராத ஒரு சில பரிசோதனைகளுக்கு வருடத்துக்கு ஒரு சின்னத் தொகை இருக்கும். அதுவும் பொலிசிக்குப் பொலிசி வித்தியாசம்.

அப்ப நோய் வரமுதல் பார்க்கிற வேலையை ஆர் செய்யிறது? அரசாங்கத்தின் தேசியத் திட்டங்கள். எங்கட வரிக் காசு. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், தயவு செய்து வீட்டில் இருக்கிறவர்களின் வயதோடு பொருத்திப் பாருங்கோ.

குடல் புற்றுநோய்: 2006இல் தொடங்கிய திட்டம். 50 முதல் 74 வயதுவரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கிட் தானாக வீட்டுக்கு வரும். 2024 யூலை 1 முதல் 45 முதல் 49 வயதுக்காரரும் கேட்டு வாங்கலாம். முதல் கிட்டை நீங்கள்தான் கேட்கவேண்டும்.

மார்பகப் புற்றுநோய்: 40 வயது கடந்த பெண்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரெஸ்ட்ஸ்கிரீனில் இலவசமாக மமோகிராம் எடுக்கலாம். 50 முதல் 74 வரைக்கும் அழைப்புக் கடிதம் வரும். வைத்தியரின் துண்டு தேவையில்லை. 13 20 50 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் போதும்.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்: 25 முதல் 74 வயதுவரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. 2017 டிசம்பரில் பழைய பாப் பரிசோதனை போய், எச்பிவி வைரஸைத் தேடுகிற பரிசோதனை வந்தது. 2022 யூலையிலிருந்து மாதிரியை நீங்களே தனியறையில் எடுத்துக் கொடுக்கலாம். வெட்கத்தால் இருபது வருடம் தள்ளிப்போட்ட எங்கட அம்மாமாருக்கு இதைச் சொல்லவேண்டும். இது பெரிய மாற்றம்.

சுவாசப்பைப் புற்றுநோய்: 2025 யூலையில் தொடங்கியது. 50 முதல் 70 வயதுவரை, நோய் அறிகுறி இல்லாமல், நீண்டகாலம் கடுமையாகப் புகைத்தவர்களுக்கும், விட்டு பத்து வருடத்துக்குள் இருப்பவர்களுக்கும் குறைந்த கதிர்வீச்சு சிரி ஸ்கேன். எவ்வளவு காலம், எத்தனை சிகரெட் என்ற கணக்கை ஜீபி பார்த்துச் சொல்லுவார்.

இவை தவிர ஜீபியிடம் 45 முதல் 49 வயதுக்குள் ஒருமுறை, நாட்பட்ட நோய் வரும் ஆபத்துள்ளவர்களுக்கான உடல்நலச் சோதனை இருக்கிறது. 75 வயதுக்கு மேல் வருடத்துக்கு ஒன்று. அகதியாகவோ மனிதாபிமான விசாவிலோ வந்தவர்களுக்கு, வந்த புதிதில் ஒருமுறை தனியாக ஒன்று. 40 முதல் 49 வரை நீரிழிவு ஆபத்தைக் கணக்கிடுகிற சோதனையும் உண்டு. அந்தக் கேள்விப் படிவத்தில் ஆசியாவில், இந்திய உபகண்டம் உட்பட, பிறந்தவர்களுக்கு அந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டு புள்ளி கூடுகிறது. எங்கட உடம்பைப் பற்றி எங்களைவிட அந்தப் படிவத்துக்குத் தெரியும்.

இவ்வளவும் மெடிகெயருக்குள். ஒரு காப்புறுதிக் கொம்பனியும் இதில் கை வைக்கவில்லை. இருந்தும் தேசிய அளவில் அந்தக் குடல் கிட்டைச் செய்து அனுப்புகிறவர்கள் ஐந்தில் இரண்டு பேரளவில்தான். வீட்டில் ஆங்கிலம் பேசாத குடும்பங்களில் அது இன்னும் குறைவு. குடல் புற்றுநோய்தான் இந்த நாட்டில் புற்றுநோய் மரணங்களில் இரண்டாவது இடம். நேரத்துக்குக் கண்டுபிடித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சுகப்படுத்தலாம்.

பிறகு ஏன் வாங்குகிறோம்?

பயத்தால். அந்தப் பயம் தானாக முளைத்ததில்லை, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியெழுப்பியிருக்கிறார்கள்.

புதிதாக வந்த குடும்பம் ஒன்று மெடிகெயரில் பதிந்த நாளிலிருந்து 12 மாதம் ஓடத் தொடங்கும். அதுக்குள் ஆஸ்பத்திரிக் காப்புறுதி எடுக்காமல், 31 வயதுக்குப் பிறகு எப்போதாவது எடுத்தால், 30க்கு மேற்பட்ட ஒவ்வொரு வயதுக்கும் 2 வீதம் பிரீமியம் கூடும். 70 வீதம்வரை போகும். பத்து வருடம் தொடர்ந்து கட்டினால்தான் அந்த ஏற்றம் போகும். இது ஒன்று. மற்றது வரி. 2025-26இல் தனியாள் ஒருவர் 101,000 டொலருக்கு மேல் உழைத்தால், அல்லது குடும்பம் 202,000க்கு மேல் உழைத்தால், ஆஸ்பத்திரிக் காப்புறுதி இல்லாததற்குத் தண்டமாக 1 முதல் 1.5 வீதம் மேலதிக வரி. எல்லோரும் கட்டுகிற 2 வீத மெடிகெயர் லெவி வேறு, இது வேறு.

கணக்கைப் போட்டுப் பாருங்கோ. தனியாளாக 90,000 உழைக்கிற ஒருவருக்கு இந்த மேலதிக வரி ஒரு சதமும் இல்லை. 110,000 உழைக்கிறவருக்கு 1,100 டொலர். அதைவிட மலிவாக ஒரு பொலிசி கிடைக்குமா என்று பார்ப்பது வரிக் கணக்கு. அதில் சுகாதாரம் எங்கேயும் இல்லை. ஆனால் பொங்கல் விழாவில் மேசை போட்டு, பலூன் கட்டி, தமிழ் கதைக்கிற ஒரு பிள்ளையை நிறுத்தி வைத்து விற்கிற நேரத்தில் இதை ஒருத்தரும் பிரித்துச் சொல்வதில்லை. "உங்கட குடும்பத்தின்ர பாதுகாப்பு" என்றுதான் சொல்லுவினம். அண்ணர் வாங்கினதும் அப்படி ஒரு மேசையில்தான். அந்த வருடங்களில் அவரின் வருமானம் அந்த வரி எல்லையை ஒருநாளும் தொட்டதில்லை.

எங்கட விழாக்களை நடத்துகிற சங்கங்களிடம் ஒரு கேள்வி. காசு தருகிற கொம்பனிக்கு மேசை போட்டுக் கொடுக்கிறோம், சரி. அதே மண்டபத்தில் இலவச கிட்டைப் பற்றித் தமிழில் விளங்கப்படுத்த ஒரு மேசை எத்தனை தரம் போட்டிருக்கிறோம்?

நியாயமான மறுப்பு ஒன்று

"சரி தோழர், பரிசோதனை இலவசம். ஆனால் அதில் ஏதோ இருக்கு எண்டு வந்தால்? கொலனோஸ்கோபிக்குப் பொது ஆஸ்பத்திரியில வரிசை. பிரைவேட் எண்டா கிழமைக்குள்ள முடியும்." இதைச் சொல்கிற நண்பர்கள் பொய் சொல்லவில்லை. காத்திருப்பு உண்மை. பயத்தோடு காத்திருப்பது எவ்வளவு கொடுமை என்பதும் உண்மை. கையில் காசுள்ள ஒருவர் அந்த இடத்தில் தனியார் வழியை எடுத்தால் நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். அந்த நேரத்திலும் எக்சஸ் என்று 750 டொலர்வரை முதலில் கையால் கட்டவேண்டி வரலாம் என்பதை மட்டும் ஞாபகப்படுத்துவேன்.

ஆனால் இந்த வாதத்தின் அடியைப் பார்க்கவேண்டும். வரிசை ஏன் நீளம்? இந்த நாட்டில் தனியார் காப்புறுதி வாங்குகிறவர்களுக்கு அரசாங்கம் பிரீமியத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கிறது. அந்த மானியம் மட்டும் வருடத்துக்கு 6 பில்லியன் டொலருக்கு மேல். அந்தக் காசு நேராகப் பொது ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் எத்தனை கொலனோஸ்கோபி அறை, எத்தனை தாதியர்? வரிசையை நீளமாக்குகிற ஏற்பாட்டுக்கே எங்கட வரியிலிருந்து மானியம் கொடுத்துவிட்டு, பிறகு வரிசையைக் காட்டி எங்களுக்கே பொலிசி விற்கிறார்கள்.

பல்லுக்கு வருவோம். தனியார் காப்புறுதி உண்மையாகவே தடுப்புப் பரிசோதனைக்குக் காசு தருகிற ஒரு பெரிய இடம் பல்லுத்தான். எக்ஸ்ட்ராஸ் இருந்தால் வருடத்துக்கு ஒன்றிரண்டு செக்கப்பும் சுத்தப்படுத்தலும் பெரும்பாலும் கிடைக்கும். ஏன் பல்லுக்கு மட்டும்? கொம்பனிக்குப் பல்லின் மேல் விசேட பாசம் ஒன்றும் இல்லை. 1975இலும் 1984இலும் பொதுக் காப்புறுதி வந்தபோது பல்லை வெளியே விட்டுவிட்டார்கள். குறைந்த வருமானக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இரண்டு வருடத்துக்கு ஆயிரம் டொலருக்குச் சற்று மேலான ஒரு திட்டம் இருக்கிறது. பெரியவர்களுக்கு மாநில அரசுகளின் பொதுப் பல் மருத்துவமனைகள், அங்கேயும் சலுகை அட்டை உள்ளவர்களுக்கு, நீண்ட வரிசையோடு. மிச்சப் பேர் தங்கட காசில்.

விளைவு தெரிந்ததுதான். காசில்லாததால் தள்ளிப்போடுகிற வைத்தியம் எது என்று எந்த வீட்டில் கேட்டாலும் முதலில் பல்லைத்தான் சொல்லுவினம். அதாவது, தடுப்பு மருத்துவத்தைத் தனியாரிடம் விட்டால் எப்பிடி இருக்கும் என்று பார்க்க வேறெங்கும் போகத் தேவையில்லை. வாயைத் திறந்து கண்ணாடியில் பார்த்தால் போதும்.

இது சும்மா கிடைத்ததில்லை

இந்த இலவசப் பரிசோதனைகளை நாங்கள் "அரசாங்கம் சும்மா குடுக்கிற சாமான்" என்று நினைக்கிறோமே, அதுதான் எனக்கு நோகிறது. இதுக்காக இந்த மண்ணின் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்திருக்கிறார்கள்.

கோஃப் விற்லம் அரசாங்கம் கொண்டுவந்த பொதுக் காப்புறுதிச் சட்டத்தை செனட் திரும்பத் திரும்பத் தடுத்தது. வைத்தியர்களின் சங்கம் கடுமையாக எதிர்த்தது. கடைசியில் இரண்டு சபைகளும் 1974 ஓகஸ்டில் ஒன்றாகக் கூடித்தான் அதை நிறைவேற்ற முடிந்தது. 1975 யூலை 1இல் மெடிபாங்க் என்ற பெயரில் திட்டம் தொடங்கியது. நவம்பரில் விற்லம் பதவி நீக்கப்பட்டார். அடுத்து வந்த மல்கம் ஃபிரேசர் அதை உடைக்கத் தொடங்கியபோது, 1976 யூலை 12இல் தொழிற்சங்கங்கள் நாடு தழுவிய 24 மணிநேரப் பொது வேலைநிறுத்தம் செய்தன. அவுஸ்திரேலிய வரலாற்றில் நாடு முழுவதற்குமான முதலாவது பொது வேலைநிறுத்தம் அது. சம்பளத்துக்காக இல்லை, வைத்தியத்துக்காக.

அந்தத் தடவை தோற்றார்கள். 1981க்குள் பொதுத் திட்டம் அநேகமாக இல்லாமலே போனது. ஆனால் கோரிக்கை சாகவில்லை. 1983இல் லேபர் கட்சி வென்று, 1984 பெப்ரவரி 1இல் மெடிகெயர் வந்தது. இன்று உங்கள் பேர்ஸுக்குள் இருக்கிற பச்சை அட்டை அந்தப் போராட்டத்தின் மிச்சம்.

மெடிபாங்க் என்ற பெயருக்கு என்ன நடந்தது தெரியுமோ? ஃபிரேசர் காலத்தில் அதே பெயரில் ஒரு தனியார் காப்புறுதிப் பிரிவை அரசாங்கம் தொடங்கியது. 2014இல் அது பங்குச் சந்தையில் விற்கப்பட்டது. எல்லோருக்கும் வைத்தியம் என்ற கனவின் பெயர் இன்று பங்கு விலையாக ஓடுகிறது.

மெடிகெயர் வந்த பிறகு சனம் தனியார் காப்புறுதியை விட்டு விலகியது. 1984இல் பாதிப் பேரளவில் வைத்திருந்தார்கள். 1990களின் கடைசியில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. சந்தையின் மொழியில் சொன்னால், வாங்குகிறவனுக்கு அந்தச் சாமான் தேவைப்படவில்லை. அப்போதுதான் ஜோன் ஹவார்ட் அரசாங்கம் 1997இல் அந்தத் தண்ட வரியையும், 1999இல் 30 வீத மானியத்தையும், 2000இல் வயதுக்கேற்ற பிரீமிய ஏற்றத்தையும் கொண்டுவந்தது. சனம் விரும்பி வாங்காத பொருளைப் பிரம்பையும் வெல்லத்தையும் காட்டி வாங்க வைத்தார்கள். சுதந்திரச் சந்தை பற்றிப் பாடமெடுக்கிறவர்களிடம் இதைக் கேளுங்கோ.

"அப்ப காப்புறுதியே செக்கப்புக்கும் காசு தரட்டுமே?"

முற்போக்கான நண்பர்கள் சிலரும் இதைச் சொல்கிறார்கள். நோய் முற்றமுதல் பிடித்தால் கொம்பனிக்கும் லாபம்தானே, சட்டத்தை மாற்றி அவர்களையும் ஜீபி கிளினிக்குக்குள் விடலாமே என்று. கேட்க நல்லாத்தான் இருக்கு. கொம்பனிகளும் இதைத்தான் நீண்டகாலமாக விரும்புகின்றன.

2014 அளவில் குயின்ஸ்லாந்தில் ஒரு பெரிய காப்புறுதிக் கொம்பனி சில ஜீபி கிளினிக்குகளோடு சேர்ந்து பரீட்சார்த்தமாக ஒரு திட்டம் நடத்தியது. அந்தக் கொம்பனியின் அங்கத்தவர் என்றால் ஜீபியிடம் கெதியாக இடம் உறுதி. நிர்வாகச் செலவுக்குத்தான் காசு கொடுக்கிறோம் என்று சட்டத்தின் ஓரத்தால் போனார்கள். இதை எல்லோருக்கும் விரித்துப் பாருங்கோ. காலையில் கிளினிக்குக்கு அழைத்தால் முதல் கேள்வி "என்ன வருத்தம்?" என்று இருக்காது. "எந்தக் கவர்?" என்று இருக்கும். பிறகு பல்லுக்கு நடந்ததுதான் இரத்த அழுத்தத்துக்கும் நடக்கும்.

2025 நவம்பரிலிருந்து, ஜீபி நோயாளியிடம் காசு வாங்காமல் நேராக மெடிகெயரிடம் வாங்கினால் கிடைக்கும் ஊக்கத்தொகையை எல்லா நோயாளிகளுக்கும் விரித்திருக்கிறார்கள். போதாது, ஆனால் சரியான திசை. அந்தத் திசையில் தள்ளுவதை விட்டுவிட்டு கொம்பனிக்குக் கதவு திறக்கிறது எங்கட வேலையில்லை.

மெடிகெயர் அட்டையே இல்லாதவர்கள்

இதுவரை சொன்னதெல்லாம் அட்டை உள்ளவர்களுக்கு. எங்கட சமூகத்தில் அட்டை இல்லாதவர்கள் எத்தனை பேர்! யாழ்ப்பாணத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்து படிக்கிற பிள்ளைகள் கட்டாயமாகத் தனியார் மாணவர் காப்புறுதி எடுக்கவேண்டும். ஜீபியைப் பார்த்தால் அரச அட்டவணைக் கட்டணத்தின் அளவுக்குக் காசு திரும்பும். வைத்தியர் அதுக்கு மேல் கேட்டால் பிள்ளை கையால் கட்டவேண்டும். இரவில் பெற்றோல் செட்டில் நிற்கிற பிள்ளை அந்த மிச்சக் காசுக்காகவே வைத்தியரிடம் போகாமல் இருக்கும்.

பெற்றோர் விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டு இங்கேயே காத்திருக்கிற அப்பா அம்மாமார் இன்னொரு கூட்டம். வேறு பல நிரந்தர விசாக்களுக்கு விண்ணப்பித்தால் இடைக்காலத்தில் மெடிகெயர் கிடைக்கும். பெற்றோர் விசாவுக்குக் கிடைக்காது. பரிசோதனை அதிகம் தேவைப்படுகிற வயதில், தபாலில் உறை வராத சனம் இவர்கள்தான்.

கடைசியாக, படகில் வந்தவர்கள். 2012, 2013 காலத்தில் வந்து, அவசர விசாரணையில் நிராகரிக்கப்பட்டு, இன்னும் இணைப்பு விசாவில் வாழ்கிறவர்கள். விசா முடிகிற நாளில் மெடிகெயர் அட்டையும் முடியும். புது விசா வரும்வரைக்கும் இடைவெளி. இருபதுகளில் வந்த பொடியனுக்கு இப்ப நாற்பதை எட்டுகிற வயது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் வருகிற வயது அதுதான். விக்டோரியாவில், மெடிகெயர் இல்லாத அகதிக் கோரிக்கையாளரிடம் பொது ஆஸ்பத்திரி கட்டணம் அறவிடக்கூடாது என்ற மாநிலக் கொள்கை இருக்கிறது. தெரிந்து வைத்திருங்கோ, கவுண்டரில் சொல்லுங்கோ. ஆனால் ஆஸ்பத்திரி என்பது வருத்தம் முற்றின பிறகு போகிற இடம். அண்ணரிடம் உறையாவது இருந்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை.

ஆகவே எங்கட கோரிக்கைகள் பெரிய ரகசியம் இல்லை. பல்லை மெடிகெயருக்குள் கொண்டுவா. தனியார் காப்புறுதி மானியத்தைப் பொது ஆஸ்பத்திரிக்கும் பரிசோதனைக்கும் திருப்பு. இங்கே வாழ்கிற எல்லோருக்கும், விசா எதுவானாலும், மெடிகெயர். தேசியத் திட்டங்களின் கடிதங்கள் வீட்டுக்கு வரும்போதே தமிழிலும் வரட்டும்.

அதுவரைக்கும் வீட்டில் செய்யக்கூடியதைச் செய்வோம். உங்கள் பொலிசிக்கு ஒரு பக்கத் தகவல் தாள் இருக்கும். கொம்பனியிடம் கேட்டு வாங்கி, எது கவர் எது இல்லை என்று ஒருதரம் வாசியுங்கோ. வரிக்காக வைத்திருக்கிறீர்களா, பயத்துக்காக வைத்திருக்கிறீர்களா என்று உங்களையே கேளுங்கோ. மெடிகெயர் உரிமை இல்லாதவர்கள் 2 வீத லெவி கட்டத் தேவையில்லை, சான்று எடுத்து வரியில் விலக்குக் கேட்கலாம். ஜீபியிடம் அம்மாவை அனுப்பும்போது 131 450 என்ற இலக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கச் சொல்லுங்கோ. ஒன்று முக்கியம்: இரத்தம் போகுது, காரணமில்லாமல் எடை குறையுது என்றால் கிட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். நேராக ஜீபியிடம் போங்கோ. கிட் என்பது அறிகுறி இல்லாதவர்களுக்கு.

அண்ணர் கீமோ முடித்து இப்ப வீட்டில்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. போன கிழமை கோல் எடுத்து, சுகம் விசாரிக்கமுதலே கேட்டார்: "உனக்கு நாற்பத்தாறு ஆச்சுதெல்லே, உறை வந்ததோ?"

"எனக்குத் தானா வராது அண்ணை, கேட்டு எடுக்கவேணும்."

"அப்ப கேளன்ரா."

கேட்டேன். வந்தது. இதை எழுதுகிற நேரம் அது எங்கட பிரிட்ஜுக்குள், நேற்றைய மீன்குழம்புச் சட்டிக்கு மேல்தட்டில் இருக்கிறது. வீட்டில் சிரிப்புத்தான். சிரிக்கட்டும். நாளைக்குத் தபாலில் போட்டுவிடுவேன்.

உங்கட லாச்சிக்குள் என்ன கிடக்குது எண்டு ஒருக்கா திறந்து பாருங்கோ.